மொட்டை மாடியில் குண்டுமல்லி: வெயிலும் கத்தரியும்

சென்னையில் மல்லிச் செடி வாங்கி வைத்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். "செடி பச்சைப்பசேல்னு இருக்கு, பூ மட்டும் வர மாட்டேங்குது." உடனே அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு உரம் சொல்வார்கள். டீத்தூள் போடு, முட்டை ஓடு போடு, வாழைப்பழத் தோல் ஊறின தண்ணி ஊத்து என்று பட்டியல் நீளும். இவற்றால் கெடுதல் பெரிதாக இல்லை. ஆனால் பூக்காத மல்லிக்குப் பெரும்பாலும் குறைவது உரம் அல்ல. ஒன்று, வெயில் போதவில்லை. அல்லது கத்தரி படவில்லை.

குண்டுமல்லி புதிதாகத் துளிர்த்து வரும் கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். முற்றிப்போன பழைய குச்சியில் இலை வரும், பூ வராது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை செடியைக் கழித்துவிட்டுப் புதுக் கிளைகளை வரவழைக்க வேண்டும். இதைத்தான் கவாத்து என்கிறோம். முறையாகக் கவாத்து செய்து வெயிலில் வைத்த ஒரு செடி பத்து, பதினைந்து ஆண்டுகூடப் பூக்கும்.

வாங்கும்போது

நர்சரியில் "மல்லி" என்று கேட்டால் நாலைந்து வகைச் செடிகளைக் காட்டுவார்கள். இலையைப் பார்த்தால் ஏமாற மாட்டீர்கள். குண்டுமல்லியின் இலை தனி இலை. அகலமாக, கொஞ்சம் கெட்டியாக, கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருக்கும். ஜாதிமல்லி என்கிற பிச்சிக்கு ஒரே காம்பில் சின்னச் சின்ன இலைகள் வரிசையாக இருக்கும். அது கொடியாக ஓடும், பந்தல் கேட்கும். முல்லையும் கொடிபோலப் படரும். காக்கட்டான் கொத்துக் கொத்தாகப் பூத்து அழகு காட்டும், மணம் கிடையாது. அடுக்குமல்லி சின்ன ரோஜாபோல இதழ் நிறைந்து வரும். சாமி படத்துக்கு வைக்க நன்றாக இருக்கும், சரம் தொடுக்கத் தோதாகாது. தலையில் வைக்கவும் தொடுக்கவும் வேண்டுமென்றால் ஒற்றைக் குண்டுமல்லியையே கேட்டு வாங்குங்கள்.

இந்தக் குண்டுமல்லிக் கன்றுகளுக்குப் பேர்போன இடம் ராமநாதபுரம் மாவட்டம். தங்கச்சிமடம் சுற்று வட்டாரத்து மணற்பாங்கான நிலத்தில் வேர் பிடிக்க வைத்த கன்றுகள்தான் மதுரை, திண்டுக்கல் வயல்களுக்கே போகின்றன. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இதே இனம்தான். சென்னை நர்சரியில் விற்பவர் "மதுரை மல்லி சார், தனி ரகம்" என்று விலை ஏற்றிச் சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். மண்ணும் வெயிலும் தரும் குணத்தைக் கவரில் கட்டி விற்க முடியாது.

பூத்துக் குலுங்கும் செடியை எடுக்காதீர்கள். அடியிலிருந்தே மூன்று நான்கு கிளை பிரிந்த, இலைக்கு அடியில் வலையோ வெள்ளைப் பொடியோ இல்லாத, பூ இல்லாத செடியே மேல். கவரின் அடியைத் தடவிப் பாருங்கள்; வேர் தடிமனாகச் சுருண்டு வெளியே வந்திருந்தால் அது பழைய சரக்கு. வாங்க நல்ல காலம் ஆடி, ஆவணி. ஆடிப்பட்டம் தேடி விதை என்றது விதைக்குத்தான் என்றாலும் தொட்டி மல்லிக்கும் அது பொருந்துகிறது. சாயங்கால இடிமழை அவ்வப்போது வரும், கத்திரி வெயில் தணிந்திருக்கும், ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். மே மாதத்தில் மட்டும் வேண்டாம்.

எங்கே வைப்பது

நேர் வெயில் குறைந்தது ஐந்து, ஆறு மணி நேரம் வேண்டும். வெளிச்சம் போதாது, வெயிலே விழ வேண்டும். மொட்டை மாடி என்றால் கவலையில்லை. பிளாட்டில் பால்கனி மட்டும்தான் என்றால் திசையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தெற்குப் பால்கனிக்கு எப்போதும் வெயில் வரும் என்று நினைக்கிறோம். சென்னையில் அது பாதி உண்மைதான். ஏப்ரல் 24, 25 வாக்கில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. நிழலே விழாத நாள் என்று பள்ளிகளில் காட்டுவார்களே, அது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் 18 வாக்கில் திரும்பி வரும்வரை சூரியன் சற்று வடக்கே தள்ளித்தான் போகிறது. மல்லி பூக்கும் உச்ச காலத்தில் பெரும்பகுதியும் இதற்குள்தான் வருகிறது. மார்கழியில் வெயில் கொட்டும் தெற்குப் பால்கனி, மேல்மாடித் தளம் மறைப்பதால், மே மாதத்தில் நிழலாகக் கிடக்கும். கிழக்கும் மேற்கும் பார்த்த பால்கனிகளில் இந்தச் சிக்கல் இல்லை. கிழக்கு கிடைத்தால் அதுவே நல்லது. மேற்கு என்றால் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும். தெற்கு மட்டும்தான் இருக்கிறது என்றால் செகரட்டரியிடம் பேசி மாடியில் ஒரு மூலையைக் கேட்டு வாங்குவதே வழி.

பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று இலை ஓரத்தைக் கருக்கும். கைப்பிடிச் சுவருக்கு உள்பக்கம், காற்று நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் இலையைக் கழுவினால் போதும்.

தொட்டியும் மண்ணும்

வாய் அகலம் 14 முதல் 16 அங்குலம், ஆழமும் அதே அளவு. மண் தொட்டி நல்லது, கனம் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக், க்ரோ பேக் என்றால் வெளிர் நிறமாக வாங்குங்கள். கறுப்புத் தொட்டி சித்திரை வெயிலில் வேரை வேகவைத்துவிடும். அடியில் நான்கைந்து ஓட்டையாவது இருக்க வேண்டும். தொட்டியைத் தரையில் நேராக வைக்காமல் மூன்று செங்கல் மேல் வைத்தால் தண்ணீர் வடியும், தளத்தின் சூடு தொட்டியில் ஏறாது, மாடித் தளத்திலும் ஈரம் இறங்காது. "செடியால கூரை ஒழுகுது" என்று கீழ் வீட்டுக்காரர் படியேறி வரும் நாளை இந்த மூன்று செங்கல் தள்ளிப்போடும்.

மண் கலவைக்கு: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்டை நன்றாகக் கழுவித் தூசியைப் போக்கிவிட்டுச் சேருங்கள். இதோடு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் ஒரு கைப்பிடி எலும்புத் தூளும். கனம் குறைய வேண்டுமென்று மண்ணில் ஒரு பகுதிக்குத் தென்னைநார்க் கழிவு போடலாம். ஆனால் அதில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பிழிந்த பிறகே போட வேண்டும். வீடு கட்டும் இடத்திலிருந்து அள்ளி வரும் மண் வேண்டாம். சிமென்ட் சுண்ணாம்பு கலந்த மண்ணில் மல்லி இலை வெளுத்துப்போகும்.

நடுவதில் பெரிய வித்தை இல்லை. சாயங்காலம் நடுங்கள். ஓட்டைமேல் ஓட்டுத்துண்டு வைத்து, முக்கால் பங்கு மண் போட்டு, கவரை வெட்டி எடுத்து, வேர் உருண்டை உடையாமல் இறக்கி, கவரில் இருந்த மட்டத்துக்கே மண் அணையுங்கள். விளிம்புக்குக் கீழே இரண்டு அங்குலம் காலியாக விடுங்கள். ஒரு வாரம் அரை நிழல், பிறகு வெயில். முதல் இரண்டு மாதம் உரமே வேண்டாம்.

தண்ணீர்

விரலை மண்ணுக்குள் ஓர் அங்குலம் நுழைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், அடி ஓட்டையில் வழியும்வரை ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். சாதாரண நாளில் தினம் ஒருவேளை, காலையில். மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திர நாட்களில் காலை, மாலை இரண்டு வேளை தேவைப்படலாம். உச்சி வெயிலில் ஊற்ற வேண்டாம். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் அந்நேரம் கையே சுடும்.

எந்தத் தண்ணீர் என்பதும் இந்த ஊரில் முக்கியம். மெட்ரோ வாட்டர் நல்லது. போர் தண்ணீர் பல பகுதிகளில் கடினமாக இருக்கிறது. தொட்டி ஓரத்தில் வெள்ளை உப்புப் படிந்தால் அதுதான் அடையாளம். அப்படியானால் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, உப்பு கரைந்து கீழே ஓடும்படி விடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை "வீணாகப் போகிறதே" என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர் அது, பாத்ரூம் கழுவ மட்டும் பயன்படுத்துங்கள். மாறாக ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது. வாளியில் பிடித்துவைத்து ஊற்றலாம்.

வடகிழக்குப் பருவமழை வந்ததும் கணக்கு மாறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஊற்றுவதைவிட வடிய வைப்பதுதான் வேலை. அடி ஓட்டையில் குச்சியை விட்டு அடைப்பை நீக்குங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். தொடர்மழை என்றால் தொட்டியை லேசாகச் சாய்த்து வைத்தால் மேலே தேங்கும் தண்ணீர் வழிந்துவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டிகளைச் சுவர் ஓரமாகத் தரையில் இறக்கி நெருக்கி வையுங்கள். கைப்பிடிச் சுவர்மேல் ஒரு தொட்டியும் இருக்கக் கூடாது. 2016 டிசம்பரில் வார்தா வந்தபோது இருந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

கவாத்து

இங்கேதான் புதியவர்களுக்குக் கை நடுங்கும். ஆசையாக வளர்த்த செடியை யாருக்குத்தான் வெட்ட மனம் வரும்?

வயலில் குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்யச் சொல்வது வழக்கம். சென்னையில் அந்த வாரம் பெரும்பாலும் மழையில் நனைந்துகொண்டிருக்கும். வெட்டுவாயில் ஈரம் நின்றால் குச்சி நுனியிலிருந்து கருகி இறங்கும். அதனால் மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடித்த பிறகு, மார்கழியில் செய்வது இந்த ஊருக்குத் தோது என்பது என் எண்ணம். பொங்கலுக்குள் முடித்துவிடுங்கள். தாமதித்தால் முதல் பூ தள்ளிப்போகும்.

வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். இலை லேசாக வாடட்டும். செடி ஓய்வுக்குப் போகிறது என்று பொருள். கத்தரி கூராக இருக்க வேண்டும். சமையலறைக் கத்தரிக்கோல் குச்சியை நசுக்கிவிடும். கவாத்துக் கத்தரி ஒன்று வாங்குவது நல்ல முதலீடு. அதன் வாயை டெட்டாலிலோ ஸ்பிரிட்டிலோ துடைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காய்ந்த குச்சி, நோய் பட்ட குச்சி, ஒன்றோடொன்று உரசும் குச்சி, உள்பக்கமாக வளரும் மெல்லிய குச்சி எல்லாவற்றையும் அடியோடு எடுங்கள். மிச்சம் நல்ல கிளைகள் ஐந்தாறு இருக்கும். அவற்றை மண்ணிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், வெளிப்பக்கம் பார்த்த கணு ஒன்றுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். தொட்டி சிறியது என்றால் ஓர் அடி. பிறகு மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிடுங்கள். ஆமாம், எல்லாவற்றையும்தான். மொட்டைக் குச்சிகளாக நிற்கும். வீட்டில் உள்ளவர்கள் "கொன்னுட்டியே!" என்பார்கள். பதில் சொல்லத் தேவையில்லை, இரண்டு மூன்று வாரத்தில் செடியே சொல்லும்.

முதல் ஆண்டுச் செடிக்கு இவ்வளவு கடுமை வேண்டாம். நுனியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கழித்தால் போதும். தடித்த கிளையை வெட்டிய வாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசலாம். அது இல்லாதவர்கள் மஞ்சளைக் குழைத்துப் பூசுகிறார்கள்.

வெட்டி முடித்த கையோடு மேல்மண்ணை இரண்டு அங்குலம் கிளறி எடுத்து ஓரிரு நாள் காற்றாட விடுங்கள். எடுத்த மண்ணுக்குப் பதில் புது மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, எலும்புத் தூள் போட்டு மூடி, நன்றாகத் தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இதே சமயத்தில் செடியையே தொட்டியிலிருந்து எடுத்து, சுற்றிப் பின்னிய வேரில் ஒரு பகுதியைச் சீவிவிட்டு, புது மண்ணில் வைக்கலாம்.

மாசியில் தளிர் நிறைந்து, பங்குனியில் மொட்டுத் தலைகாட்டும். ஏப்ரல், மே உச்சம். செப்டம்பர் வரை விட்டுவிட்டுப் பூக்கும். ஒவ்வொரு அலை பூத்து முடிந்ததும், பூத்த கிளையின் நுனியை இரண்டு கணு அளவு கிள்ளிவிட்டால் அடுத்த அலை சீக்கிரம் வரும். பெரிய கவாத்தைவிட இந்தச் சின்னக் கிள்ளலைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மார்கழி, தையில் பூவே இல்லையென்றால் பயப்படாதீர்கள். கோயம்பேட்டில் பொங்கல் சமயத்தில் மல்லி வரத்து குறைவதும் விலை எகிறுவதும் இதே காரணத்தால்தான்.

உரம், அளவோடு

தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் இலை மண்டும், பூ குறையும். வயலில் மல்லிச் செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 120 கிராம் சாம்பல்சத்து (பொட்டாஷ்) என்று பரிந்துரைக்கிறார்கள். அந்த எடையைத் தொட்டியில் கொட்டினால் செடி கருகிவிடும். அந்த விகிதத்தை மட்டும் மனதில் வையுங்கள். தழைச்சத்தைப் போல இரு மடங்கு மற்ற இரண்டும்.

வீட்டில் சுலபமானது கடலைப் புண்ணாக்குக் கரைசல். கைப்பிடிப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்ததை எடுத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து, இருபது நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம். நாற்றம் அடிக்கும், பிளாட்டில் இருப்பவர்கள் மூடி போட்ட வாளி வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சகவ்யா கிடைத்தால் லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம். மழைக்காலத்தில் எந்த உரமும் வேண்டாம்.

இலையும் மொட்டும் சொல்வது

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. கடினத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது அதிகம். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாமல் போகிறது. அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சாயங்காலம் இலைமேல் தெளியுங்கள். பத்து, பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் புது இலை பச்சையாக வரும். தரையில் சிந்தினால் துருக்கறை பிடிக்கும், கவனம்.

மொட்டில் ஓட்டை விழுந்து, இரண்டு மூன்று மொட்டு நூலால் பின்னியிருந்தால் மொட்டுப்புழு. தொட்டியில் ஒன்றிரண்டு செடிதானே, கையால் கிள்ளி எடுத்து நசுக்குவதே வேகமான வழி. பிறகு வேப்பெண்ணெய் 5 மில்லி, சோப்புக் கரைசல் சில துளி, ஒரு லிட்டர் தண்ணீர். வாரம் ஒருமுறை, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள்.

மொட்டு விரியாமலே ஊதா நிறமாகிக் காய்ந்து விழுந்தால் அது மொட்டு ஈயின் வேலை. இதன் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். ஆகவே மேலே மட்டும் மருந்தடித்துப் பயனில்லை. விழுந்த மொட்டுகளைப் பொறுக்கிக் கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மேல்மண்ணைக் கிளறி வெயில் படவிட்டு, வேப்பம் புண்ணாக்கைத் தூவுங்கள்.

கோடையில் இலை புள்ளி புள்ளியாக வெளுத்து, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் செஞ்சிலந்தி. காய்ந்த சூடுதான் அதற்குப் பிடிக்கும். குழாயை அழுத்திப் பிடித்து இலையின் அடிப்பக்கத்தை நாலைந்து நாள் தொடர்ந்து கழுவினாலே பாதி ஒழியும்.

பறிப்பதும் பெருக்குவதும்

மொட்டு பச்சை மாறி, பருத்து, பால் வெள்ளையானதும் சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்குப் பறியுங்கள். காம்போடு கிள்ளினால்தான் தொடுக்க வரும். விளக்கு வைக்கும் நேரத்துக்குமேல் மெல்ல விரியத் தொடங்கி, இரவில் முழு மணமும் வரும். செடியிலேயே விரியவிட்டால் மறுநாள் காலையில் உதிர்ந்துவிடும். ஒரு தொட்டியில் தினம் ஒரு முழம் வராது. வீட்டுக்கு முழம் கணக்கில் வேண்டுமென்றால் நான்கைந்து தொட்டியாவது வேண்டும்.

அதற்காக நர்சரிக்குத் திரும்பப் போக வேண்டியதில்லை, பதியன் போடலாம். ஆடி முதல் ஐப்பசிக்குள், தாழ்வாக உள்ள நீண்ட கிளை ஒன்றைப் பக்கத்துச் சின்னத் தொட்டிக்கு வளையுங்கள். வளையும் இடத்தில் ஒரு கணுவுக்குக் கீழே பட்டையை லேசாகச் சீவி, அந்தப் பகுதியை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் புதைத்து, மேலே கல் வையுங்கள். நுனி வெளியே நிற்கட்டும், மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் வேர் பிடித்துவிடும். மெல்ல இழுத்துப் பாருங்கள்; பிடிமானம் தெரிந்தால் தாய்ச் செடியின் பக்கம் கிளையை வெட்டிவிட்டு, இன்னும் பத்து நாள் அதே இடத்தில் விட்டு வைத்து, பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். கவாத்தில் விழுந்த குச்சிகளில் பென்சில் கனமுள்ளவற்றை ஆறு அங்குலமாக நறுக்கி ஈரமணலில் குத்திவைத்தாலும் சில துளிர்க்கும். பத்துக்கு நாலு தேறினால் அதுவே அதிகம் என்று எடுத்துக்கொண்டு, கூடுதலாகவே குத்தி வையுங்கள்.